நக்கிப் பிடித்த எழுபது உருண்டை

அடுப்பு மூட்டாமல் செய்கிற பழ உருண்டை உடம்புக்கு நல்லது என்று எழுதிய பத்திரிகைக்காரரைப் பிடித்துவந்து, சிஞ்ஞோரா மிரெல்லாவின் குசினியில் ஒரு மணித்தியாலம் நிற்க வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்த மனுசர் பேரீச்சம்பழம் என்ற சொல்லையே வாயில் எடுத்திருக்க மாட்டார். இந்திராதேவி இரண்டு மணித்தியாலம் நின்றாள். அவள் அந்த வீட்டில் வேலை செய்பவள், நிற்காமல் எங்கே போவது?

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஓகஸ்ட் மாதம். பலெர்மோவில் ஈக்கூட நிழல் பார்த்துப் பறக்கிற வெயில். வியா மக்வேதாவில் பாதிக் கடைகளை இழுத்துப் பூட்டிவிட்டு முதலாளிமார் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். அதே தெருவில் மூன்றாம் மாடியில் இருந்தது சிஞ்ஞோராவின் வீடு. பின்னேரம் அவளுடைய சிநேகிதிகள் எட்டுப் பேர் குளிர்ந்த கோப்பி குடிக்க வருகிறார்கள். அடுப்பு மூட்டிக் கேக் போடலாம் என்றால் வீடே அடுப்பாகிவிடும். சிஞ்ஞோரா பத்திரிகையிலிருந்து ஒரு குறிப்பை வெட்டி பிரிஜ் கதவில் ஒட்டினாள். சீனி இல்லை, பட்டர் இல்லை, நெருப்பு இல்லை. பேரீச்சம்பழம், காய்ந்த அத்திப்பழம், முந்திரிகை வற்றல், பாதாம் பருப்பு, கொஞ்சம் தோடம்பழத் தோல் துருவல். எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து, ஒரு வாய்க்கு ஒன்று என்ற அளவில் உருட்டி, பிஸ்தாத் தூளில் பிரட்டிக் குளிரில் வைக்க வேண்டியது. அவ்வளவுதான் வேலை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, அரைபடும்போது எழுந்த வாசத்துக்கு இந்திராதேவிக்கே வாயூறியது. மேசை விளிம்பில் பூட்டிய இறைச்சி அரைக்கும் மெஷினைக் கழற்றி, கொதிதண்ணீரில் மூன்று தரம் கழுவி, துடைத்துப் பூட்டி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அவள்தான் அரைத்தாள். உருட்டுகிற வேலையைச் சிஞ்ஞோரா எடுத்துக்கொண்டாள். அதில் அவள் கண்டிப்பு.

"நீ அரை, இந்திரா. உருட்டுறதை நான் பாக்கிறன்."

சிஞ்ஞோரா பேசியது இத்தாலியன்தான். இரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு அது இந்திராதேவியின் காதில் எங்கள் பாசையாகவே விழப் பழகியிருந்தது.

அரைத்த பழம் கையில் ஒட்டும். ஊரில், கோண்டாவிலில் எள்ளுருண்டை பிடிக்கிறவர்கள் உள்ளங்கையில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் தொட்டுக்கொள்வார்கள். இங்கே எண்ணெயைப் பத்திரிகை மறித்துவிட்டது. பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துக்கொள்ளலாம், இந்திராதேவி வைத்தும் பார்த்தாள். தண்ணீர் பட்டால் உருண்டை நீர்த்துப்போகும் என்று சிஞ்ஞோரா அதைத் தள்ளிவிட்டாள். தள்ளிவிட்டு என்ன செய்தாள் தெரியுமா? ஒரு உருண்டையை உருட்டினாள், தட்டில் வைத்தாள், பெருவிரலை வாய்க்குள் விட்டு ஒரு உறிஞ்சு உறிஞ்சினாள். பிறகு சுட்டுவிரல். பிறகு நடுவிரல். உள்ளங்கையில் ஒட்டியிருந்ததை நாக்கால் ஒரே இழுப்பாக நக்கினாள். அந்த ஈரக் கையோடு அடுத்த உருண்டைக்குக் கை வைத்தாள்.

இந்திராதேவி மெஷின் கைப்பிடியை இன்னும் வேகமாகச் சுற்றினாள்.

ஒன்று இரண்டு என்றால் கண்ணை மூடிக்கொள்ளலாம். எழுபது உருண்டை. எழுபதுக்கும் அதே உறிஞ்சல், அதே நக்கல், அதே "ம்ம்ம்" என்ற சத்தம். நகத்தின் அடியில் போன பழத்தைப் பல்லால் கிண்டி எடுத்தாள். வாயோரம் வழிந்த வீணீரைப் புறங்கையால் துடைத்து, அந்தக் கையாலேயே பிஸ்தாத் தூளை அள்ளித் தூவினாள். அரியண்டம் என்றால் இது அரியண்டம். எச்சில் கை பட்ட கறியை நாய்க்கு வைக்கிற வீட்டில் பிறந்தவள் இந்திராதேவி. கறிக்கு உப்புப் பார்ப்பதென்றாலும் கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, அதை வாய்க்குள் எறிந்து, கையைக் கழுவிவிட்டுத்தான் மறுபடி கரண்டியைத் தொடுவாள். தண்ணீர் குடித்தால் அண்ணாந்துதான். சொந்தப் புருசனின் பேணியிலும் அவள் உதடு பட்டதில்லை.

"இந்தா, ருசி பார்." சிஞ்ஞோரா ஒரு உருண்டையை நீட்டினாள். அது ஈரத்தில் மினுங்கியது.

"பேந்து சாப்பிடுறன், சிஞ்ஞோரா."

ஏப்ரன் பைக்குள் போட்டாள். இரண்டு வருடமாக இந்தப் பைதான் அவளுடைய வயிறு. சிஞ்ஞோரா கெட்டவள் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். தன் தட்டில் பாதி தின்ற மீனை "இது உனக்கு" என்று தள்ளிவிடுவாள். கடித்த பீச்சுப் பழத்தில் நல்ல பக்கத்தைக் கொடுப்பாள். ஈஸ்டருக்கு கசாத்தா கேக்கில் ஒரு துண்டு, அதுவும் தன் முள்ளுக்கரண்டி போன துண்டு. எல்லாம் பைக்குள் போய், பையிலிருந்து கடுதாசிக்குள் போய், கடுதாசியோடு தெருக் குப்பைத் தொட்டிக்குள் போனது. இந்த வீட்டில் இந்திராதேவிக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். வந்த முதல் கிழமையே அவளுக்கென்று தனியாக ஒரு நீலக் கோப்பையும் தட்டும் சிங்கின் கீழ் ஒதுக்கி வைத்தார்கள். பரவாயில்லை, இந்தச் சனத்துக்கும் எச்சில் தெரியும் போல என்று அன்றைக்கு அவள் சந்தோசப்பட்டாள்.

இன்றைக்கு மட்டும் அவள் மூக்கைச் சுளிக்கவும் பயந்தாள். காரணம் இருக்கிறது. அவளுடைய பெர்மெசோ, அதுதான் இந்த நாட்டில் இருக்கவிடுகிற கடுதாசி, இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்க நாளைக் காலை எட்டு மணிக்குக் குவெஸ்தூராவுக்கு, பொலிஸ் கந்தோருக்கு, வரச் சொல்லியிருந்தார்கள். 'இவள் என்னிடம் வேலை செய்கிறாள், இனியும் செய்வாள்' என்று சிஞ்ஞோரா கையெழுத்துப் போட்ட கடுதாசியோடுதான் போக வேண்டும். பெர்மெசோ கைக்கு வந்தால்தான் மகளைக் கூப்பிடலாம். சுலக்சனாவுக்கு ஆறு வயது. கொழும்பில் சித்தியோடு இருக்கிறாள். சித்திக்குக் கனடா சரிவந்துவிட்டது, ஒக்டோபரில் பறக்கிறாள். அதற்குப் பிறகு பிள்ளையை வைத்துப் பார்க்க அங்கே ஒரு குருவியும் இல்லை.

காலையில் அல்பெர்கேரியாவில் அவர்களுடைய அறையிலிருந்து புறப்படும்போது புருசன் ஆனந்தராசா சொல்லியனுப்பியிருந்தான். சியாகுல்லியில் தோட்டவேலை செய்கிறவன், சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னான்.

"இண்டைக்கு என்ன நடந்தாலும் கையெழுத்தில்லாமல் வந்திடாதையும். அவ சொல்லுறதுக்கெல்லாம் ஓம் எண்டு சொல்லும். உம்மடை அருக்குளிப்பை ஒரு நாளைக்குக் கட்டி வையும்."

"நான் என்ன அவவின்ரை முகத்துக்கு நேரையோ துப்புறன்?"

"துப்பத் தேவையில்லை. உம்மடை மூஞ்சையே காணும்."

கடுதாசி மேசையின் மறுபக்கத்தில், பழக்கிண்ணத்தின் கீழ் இருந்தது. இரண்டு தரம் கேட்டாகிவிட்டது. உருட்டி முடியட்டும், கை ஒட்டுது என்றாள் சிஞ்ஞோரா. அதுவும் நியாயம்தான். அந்தக் கை என் கடுதாசியில் படாமலிருந்தால் காணும் என்று இந்திராதேவியும் மறுபடி அரைக்கப் போனாள்.

மூன்றரைக்கு வாசல் மணி அடித்தது. மற்றவர்களுக்கு முன்னரே வந்துவிட்டாள் சிஞ்ஞோராவின் தமக்கை கொன்செத்தா. வைத்தியர் ஒருவரின் விதவை. எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருமுன் கதிரையைப் பார்க்கிற ஆள். சிஞ்ஞோரா அவளுக்கு ஓர் உருண்டையைக் கொடுத்தாள், ஆகா ஓகோ என்று அவளும் வாங்கிக்கொண்டாள். கொன்செத்தா குசினி வாசலில் நின்ற அந்த நேரம் பார்த்து இந்திராதேவிக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி, தலையை அண்ணாந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து மடக்கு மடக்கென்று ஊற்றிக் குடித்தாள். குடித்துவிட்டுப் பார்த்தால் கொன்செத்தா அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அக்காவும் தங்கையும் பக்கத்து அறைக்குப் போனார்கள். கதவு சாத்தவில்லை. வேகமாகப் பேசினால் வேலைக்காரிக்குப் பாசை விளங்காது என்பது அந்த வீட்டுக்காரர்களின் பழைய நினைப்பு.

"மிரெல்லா, உவள் எந்த நாளும் உப்பிடித்தான் தண்ணி குடிக்கிறவளோ?"

"எந்த நாளும். பாவம்."

"பாவமோ? அவளுக்கு நெஞ்சு வருத்தம் இருக்கு. வருத்தக்காரர்தான் வாய் படாமல் குடிக்கிறவை. என்ரை மனுசன் கசநோய்க்காரரை எத்தினை பேரைப் பாத்தவர்."

"எனக்குத் தெரியும், கொன்செத்தா. வந்த முதல் கிழமையே கண்டுபிடிச்சிட்டன். தன்ரை வருத்தம் எங்களுக்குத் தொத்தக்கூடாதெண்டு அவளே பாத்து நடக்கிறாள். நல்ல பெட்டை. நானும் கேக்கேல்லை. கோப்பையைத் தனிய வைச்சிட்டன். சாப்பாட்டிலையும் கை வைக்க விடுறேல்லை. அரைக்க மட்டும்தான் விட்டனான், உருட்டினது முழுக்க நான்."

இந்திராதேவி கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நீலக் கோப்பை சுத்தத்துக்கு வைத்த கோப்பை இல்லை. கசக்காரிக்கு வைத்த கோப்பை. மெஷினை மூன்று தரம் கழுவிய தன் கை ஊத்தை, வாய்க்குள் போய் வந்த அந்த விரல்கள் சுத்தம். இரண்டு வருடமாக இந்தப் பெண்ணைப் பார்த்துத் தான் அருவருத்தது போல, இந்தப் பெண்ணும் தன்னைப் பார்த்து அருவருத்துக்கொண்டு, அதற்கு மேல் இரக்கம் என்று பிஸ்தாத் தூளும் தூவியிருக்கிறாள். சீ.

கொன்செத்தா விடவில்லை. "இரக்கப்படு, வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனால் கையெழுத்து வைச்சியெண்டால் உவளுக்குப் பொறுப்பு நீ. முதல் டொக்டரிட்டைக் கடுதாசி கொண்டுவரச் சொல்லு."

சிஞ்ஞோரா திரும்பி வந்தாள். கை கழுவியிருந்தாள், முகத்தில் ஒரு மாதிரிக் குழைவு. இந்திராதேவியின் தோளைத் தொடுவது போல வந்து தொடாமல் நின்றாள்.

"இந்திரா, ஒரு சின்ன விசயம். ஒரு டொக்டரைக் கண்டு, நெஞ்சைப் படம் எடுத்து, கடுதாசி கொண்டுவா. பேந்து கையெழுத்து வைக்கிறன்."

"நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு எனக்குக் குவெஸ்தூரா, சிஞ்ஞோரா."

"அதுக்கென்ன, அவையிட்டைச் சொல்லி வேறை நாள் எடு."

வேறை நாள் எடு. குவெஸ்தூரா வாசலில் விடிய நாலு மணிக்கு வரிசையில் நின்று பார்த்திராதவள் அப்படித்தான் சொல்வாள். இந்த நாளை எடுக்கவே நாலு மாதம் சென்றது. ஓகஸ்டில் பலெர்மோவில் சாவுக்குக்கூட டொக்டர் கிடைப்பதில்லை. இந்திராதேவிக்கு ஒக்டோபர் கண்ணுக்குள் வந்தது. சித்தி பெட்டியோடு நிற்கிறாள், பக்கத்தில் பிள்ளை நிற்கிறாள், பிள்ளையிடம் பெட்டி இல்லை.

ஓம் என்று சொல்லச் சொல்லித்தான் புருசன் அனுப்பினான். வருத்தம் என்று ஒத்துக்கொண்டால் கையெழுத்தில்லை. வருத்தமில்லை, பழக்கம் என்றால் ஏன் அந்தப் பழக்கம் என்று கேட்பார்கள். அதற்கு ஒரே ஒரு மறுமொழிதான் உண்டு, அதைச் சொல்லி வேலையைக் காப்பாற்றினவள் உலகத்தில் இல்லை. இருந்தும் அவள் வாய் திறந்துவிட்டது.

"எனக்கு வருத்தமொண்டும் இல்லை, சிஞ்ஞோரா. எங்கடை ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான் குடிக்கிறது. மற்றவையின்ரை வாய் பட்டதிலை எங்கடை வாய் படக்கூடாது. பட்டால் எங்களுக்கு அருவருப்பு."

"ஆற்றை வாய் பட்டால்?"

"ஆற்றை வாய் பட்டாலும். உங்கடை வாய் பட்டாலும்."

சிஞ்ஞோராவுக்கு அது ஏற நேரம் எடுத்தது. தட்டைப் பார்த்தாள். தன் விரல்களைப் பார்த்தாள்.

"உந்த உருண்டையை நீ ஏன் சாப்பிடேல்லை?"

இனி மறைத்து என்ன? இந்திராதேவி ஏப்ரன் பைக்குள் கை விட்டாள். வெக்கையில் இளகிப் பையோடு ஒட்டிப்போயிருந்ததைப் பிய்த்தெடுத்து மேசையில் வைத்தாள். நூலும் தூசியும் ஒட்டிய ஒரு பிசின் கட்டி.

"நீங்கள் நக்கி நக்கி உருட்டினியள். என்னாலை ஏலாமல் போச்சு."

வாசலில் நின்ற கொன்செத்தா கெக்கட்டமிட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண் கலங்கிவிட்டது. கண் துடைக்கக் கைப்பையைத் திறந்து லேஞ்சியை எடுத்து விரித்தாள். அதற்குள் அவளுக்குக் கொடுத்த உருண்டை, முழுதாக.

"அம்மா உனக்கு எத்தினை அடி அடிச்சவ, மிரெல்லா, நக்காதை நக்காதை எண்டு? நான் மட்டும் சாப்பிடுவனெண்டோ நினைச்சனீ?"

சொந்த அக்கா. அவள் சொன்னது பகிடி. சிஞ்ஞோராவும் அதற்குச் சிரிக்கப் பார்த்தாள், பாதியிலேயே சிரிப்பு விழுந்துவிட்டது. அக்காவிடம் காட்ட முடியாத கோபம் முழுக்க இந்திராதேவியின் பக்கம் திரும்பியது.

"இரண்டு வரியமாத் தந்த எல்லாத்தையும் எறிஞ்சனியோ?"

"ஓம், சிஞ்ஞோரா."

"கசாத்தாவையும்?"

"ஓம்."

"வருத்தக்காரி எண்டு நினைச்சும் நான் உன்னை வீட்டுக்குள்ளை வைச்சிருந்தன். என்ரை பிள்ளையின்ரை உடுப்பைத் தொட விட்டன். ஒவ்வொரு ஞாயிறும் உனக்காக மெழுகுதிரி கொளுத்தினன். நீ என்னை ஊத்தை எண்டு நினைச்சுக்கொண்டு நிண்டிருக்கிறாய்."

  நீங்களும் என்னை ஊத்தை என்றுதான் நினைத்தீர்கள் என்று இந்திராதேவி திருப்பிச் சொல்லலாம். சொன்னால் பிள்ளை கொழும்பிலேயே நிற்பாள்.

சிஞ்ஞோரா கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். பழக்கிண்ணத்தின் கீழிருந்து கடுதாசியை எடுத்துத் தன் முன்னால் வைத்தாள். பெரிய தட்டிலிருந்து ஐந்து உருண்டைகளை எண்ணிச் சின்னத் தட்டில் வைத்து இந்திராதேவியின் பக்கம் தள்ளினாள்.

"சாப்பிடு. சாப்பிட்டால் கையெழுத்து வைக்கிறன்."

குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கொன்செத்தாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் முன்னால் வந்து, தன் லேஞ்சியிலிருந்த உருண்டையை எடுத்து, ஐந்தோடு ஆறாவதாக அந்தத் தட்டிலேயே வைத்தாள். வைத்துவிட்டு விரலை லேஞ்சியில் நன்றாகத் துடைத்தாள். கொன்செத்தா சாப்பிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கந்தோருக்குக் கடுதாசி கொண்டுபோகத் தேவையில்லாதவர்களுக்கு அருவருக்க அனுமதி உண்டு.

இந்திராதேவி முதல் உருண்டையை வாயில் போட்டாள்.

நாக்கில் பட்டதும் தெரிந்தது பழம் இல்லை, அந்த உறிஞ்சல் சத்தம். பல்லிடுக்கில் பிஸ்தா நெருநெருத்தது. முழுதாக விழுங்கப் பார்த்தாள், தொண்டை மறித்தது. மெல்லத்தான் வேண்டும். மென்றாள். மெல்ல மெல்ல இனித்தது, அந்த இனிப்புத்தான் எல்லாவற்றிலும் பெரிய அரியண்டம். இரண்டாவதில் கண்ணால் தண்ணீர் வந்தது. மூன்றாவதில் எதிர்க்களித்து வாய் நிறையப் புளித்தது, அதையும் சேர்த்து விழுங்கினாள். இப்போது சத்தி எடுத்தால் வருத்தக்காரி என்பது உறுதியாகிவிடும். நாலு. ஐந்து. ஆறாவதில் கொன்செத்தாவின் செண்ட் வாசமும் லேஞ்சியின் பஞ்சும் இருந்தன. வாய்க்குள் பஞ்சு உருண்டது. ஒக்டோபரை நினைத்துக்கொண்டு அதையும் கீழே இறக்கினாள்.

"தண்ணி குடி," என்று சிஞ்ஞோரா தான் பாதி குடித்து வைத்திருந்த கிளாசை நீட்டினாள். விளிம்பில் உதட்டுச்சாயம் பிறை மாதிரி ஒட்டியிருந்தது. இந்திராதேவி அந்த விளிம்பிலேயே உதட்டை வைத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

 சிஞ்ஞோரா பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தாள். மிரெல்லா என்ற பெயரை அவ்வளவு நீட்டி அவள் எழுதி இந்திராதேவி கண்டதில்லை.

"நல்லா இருந்ததோ?"

"நல்லா இருந்தது, சிஞ்ஞோரா."

ஏப்ரனைக் கழற்றி மாட்டினாள். கடுதாசியை மடிக்காமல் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். மூன்று மாடி. ஒவ்வொரு மாடியிலும் வயிறு ஒரு தரம் எழும்பியது. மேலே கதவு பூட்டிய சத்தம் இன்னும் கேட்கவில்லை, இரண்டு பேரும் நின்று காது கொடுத்துக்கொண்டிருப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தெருவில் இறங்கி, வியா மக்வேதாவைக் கடந்து, அல்பெர்கேரியாவின் முதல் ஒழுங்கைக்குள் திரும்பினாள். அதற்கு மேல் அவளால் ஏலவில்லை.

சுவரில் கை ஊன்ற முடியாது, இரண்டு கைக்கும் வேலை இருந்தது. ஒரு கையால் தலைமயிரைப் பிடித்தாள். மற்றக் கையால் கடுதாசியைத் தலைக்கு மேலே, எட்டின மட்டும் உயர்த்திப் பிடித்தாள். ஆறும் வெளியே வந்தது. அதற்கு முதல் குடித்த தண்ணீரும் வந்தது, காலையில் சாப்பிட்ட பாணும் வந்தது, கடைசியில் மஞ்சளாகப் பித்தமும் வந்தது. மீன் கடையைக் கழுவிக்கொண்டிருந்த கிழவன் குழாயை நீட்டி என்னவோ கேட்டான். அவள் தலையாட்டினாள். குடல் முழுக்கப் புரண்டு முடியும்வரை அந்தக் கை இறங்கவேயில்லை.

நிமிர்ந்ததும் முதலில் கடுதாசியைத்தான் பார்த்தாள். ஒரு சொட்டும் படவில்லை.